வாசலில் ஆயில் சொட்டு

எங்கள் காரில் ஆயில் கசிகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் ஒட்டாமல் விலகிப் போயிருக்கிறது. அதன்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். கோலமாவு அங்கே விழுந்ததும் பழுப்பாக ஊறிவிட்டது. "உங்கப்பா கார் எதையோ கக்குதுடா, என்னன்னு பாரு" என்று என்னை எழுப்பினார்.

அது 2015. அப்பா அந்தக் காரை 1999-ல் வாங்கினார். 1,300 சிசி, 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். முந்தைய வருடம்தான் 15 வருடம் முடிந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பித்திருந்தோம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு கார் என் கைக்கு வந்தது. விற்றுவிடலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை. தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும், அப்பாவை நெஞ்சுவலியோடு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தக் காரில்தான்.

தாம்பரம் பக்கம் வழக்கமாக விடும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில், பெல் ஹவுசிங் என்ற உறையின் கீழ் விளிம்பில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. "ரியர் ஆயில் சீல் போயிருச்சு சார். கியர் பாக்ஸ் இறக்கணும்" என்றார்.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வந்து ஃப்ளைவீலோடு சேரும் இடத்தில் ஒரு வட்ட ரப்பர் இருக்கும். அதுதான் ரியர் ஆயில் சீல். சீலின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொடவேண்டுமென்றால் கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். இறக்கியதுதான் இறக்கினோம் என்று கிளட்ச் பிளேட்டையும் மாற்றினோம். 3 நாள் பட்டறையில் கிடந்தது. மொத்தம் 11,400 ரூபாய் ஆனது. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காலையில் அம்மா மறுபடியும் வாசலைக் காட்டினார். அதே இடத்தில், அதே அளவு சொட்டு.

பட்டறைக்குத் திரும்பிப் போனபோது, "பழைய வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான் சார் செய்யும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த மெக்கானிக் என்னை ஏமாற்றினார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. சொட்டு தொங்கிய இடத்துக்கு மிக அருகில் இருப்பது அந்த சீல்தான், அதனால் அதைச் சொன்னார். சொட்டு எங்கே தொங்குகிறது என்பதும், ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பணம் போன சலிப்பில் அதை அப்படியே விட்டுவிட்டேன். சொட்டுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை ஏலகிரியில் கொண்டுபோய் நிறுத்தியது.

2016 மே மாதம். குடும்பத்தோடு சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரிக்குப் போனோம். 200 கிலோமீட்டருக்கு மேல், வெயிலில், பெரும்பாலும் 90-லேயே ஓட்டினேன். ஏலகிரிக்கு ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் வண்டி சாய்ந்தபோது டாஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒரு நொடி மின்னியது. அடுத்த வளைவிலும் மின்னியது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் இல்லை.

பின்னால் வந்த சுற்றுலா வேனை நிறுத்தி ஓட்டுநர் அண்ணன் இறங்கி வந்தார். ஸ்டிக்கைப் பார்த்துவிட்டுத் தன் வேனிலிருந்து ஒரு லிட்டர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "டீசல் ஆயில்னு யோசிக்காதீங்க தம்பி. ஆயில் இல்லாம ஓட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல். ஊத்துங்க." முழுதாக ஊற்றியும் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறியது. காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் மனதில் உறுத்துகிறது.

பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் ஆயில் வற்றி, பம்ப் உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும் நிலை வந்த பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங்குகள் காய ஆரம்பித்திருக்கும். வளைவில் மட்டும் மின்னுகிறது என்றால் ஆயில் ஒரு பக்கமாக ஓடும்போது குழாயின் வாய் வெளியே தெரிகிறது என்று அர்த்தம். "அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விடலாம்" என்று நினைக்கக் கூடாது. அதே இடத்தில் அணைத்துவிட வேண்டும். என் எஞ்சின் தப்பியது. நான் உடனே அணைத்தது பாதிக் காரணம், மீதிக்கு அந்த வேன்கார அண்ணன்.

நின்ற வண்டியிலிருந்து ராத்திரியில் விழும் சொட்டுகளை வைத்து மொத்தக் கசிவைக் கணக்குப் போட்டதுதான் என் தவறு. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ராத்திரிக்கு 12 சொட்டு என்றால் மாதத்துக்கு 20 மில்லிகூட வராது. ஆனால் வண்டி ஓடும்போது நடப்பது வேறு. ஆயில் சூடாகித் தண்ணீர் மாதிரி இளகியிருக்கும். உள்ளே அழுத்தமும் இருக்கும். நெடுஞ்சாலையில் 3 மணி நேரம் ஓடும்போது ஒழுகுவது, ஒரு வாரம் வாசலில் நின்று சொட்டுவதைவிட அதிகமாக இருக்கலாம். அது ரோட்டோடு போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

ஊர் திரும்பியதும் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெருவும், கழற்றி விற்கும் சாமான்களுக்குப் புதுப்பேட்டையும் தாய்வீடு மாதிரி. மறுபடியும் ஒரு ரியர் சீல் வாங்கத்தான் போனேன். கடையில் இருந்த வயதான பாய், சாமானை எடுக்காமல் என்னிடம் கேள்வி கேட்டார். "மேலே பாத்தீங்களா தம்பி? டிஸ்ட்ரிபியூட்டர் எங்க இருக்கு உங்க வண்டியில?"

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், எங்கள் காரில் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கியர் பாக்ஸுக்கு நேர் மேலே இருக்கிறது. அது ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து இறுகிவிட்டால் ஆயில் அங்கிருந்து இறங்கி, ஹெட்டின் பக்கவாட்டில் வழிந்து, பெல் ஹவுசிங்கைச் சுற்றிக்கொண்டு போய் அதன் அடியில் சொட்டும். பார்ப்பதற்கு அச்சு அசல் ரியர் சீல் கசிவு மாதிரியே இருக்கும். "சொட்டுற இடத்தை விடுங்க. நனைஞ்சிருக்குற இடத்துலயே உசந்தது எது, முன்னாடி இருக்குறது எதுன்னு பாருங்க. ஆயில் கீழதான் இறங்கும், ஓடும்போது காத்து அதைப் பின்னாடி தள்ளும்" என்றார். ஓ-ரிங்கின் விலை 40 ரூபாய். "முதல்ல கழுவிப் பாருங்க, அப்புறம் மாத்துங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

கழுவிப் பார்ப்பது என்பதை அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். 16 வருடப் பிசுக்கின் நடுவே புதிய கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. எஞ்சின் ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டினேன். டீசலைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு ஊறவைத்தேன். கெட்டியாகப் படிந்த மண்ணை மரக் குச்சியால் சுரண்டினேன். பிறகு டிகிரீஸர் தெளித்து, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவினேன். வாட்டர் வாஷ் கடையின் வேகத் தண்ணீரை எஞ்சினில் நேராகப் பீய்ச்சினால் வயர் கனெக்டர்களுக்குள் போய்விடும், அதனால் அதைத் தவிர்த்தேன். டீசலின் ஈரமும் வாடையும் முழுக்கப் போகும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டேன்.

அடுத்துப் பவுடர். முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடர்தான். சந்தேகப்பட்ட எல்லா இணைப்புகளிலும், பெல்ட்டுகள் பக்கம் போகாமல், மெல்லிய பூச்சாகத் தட்டினேன். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து திறந்தேன். வெள்ளைப் பூச்சில் ஆயில் ஒரு கரிய கோடாக வரைந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்துக்குக் கீழே தொடங்கி நேராக பெல் ஹவுசிங்குக்கு இறங்கியது கோடு. 11,400 ரூபாய் செலவழித்தும் தெரியாத விஷயம் ஒரு பவுடர் டப்பாவில் தெரிந்தது. அன்று சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது எனக்கு. இன்னொரு 60 கிலோமீட்டர் ஓட்டியதில் எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்மூலை ஒன்றும், ஆயில் பிரஷர் சுவிட்சின் மரையும் நனைந்திருப்பது தெரிந்தது.

கழுவுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. மிகப் பழைய எஞ்சினில் அந்தப் பிசுக்கே சில இடங்களை அடைத்து வைத்திருக்கும். சுத்தம் செய்த மறுநாள் புதிதாக ஓர் இடத்தில் கசிந்தால் பதற வேண்டாம். அது ஏற்கெனவே இருந்த கசிவுதான், இப்போதுதான் வெளியே தெரிகிறது.

அதற்கெல்லாம் முன்னால், விழுவது எஞ்சின் ஆயில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் சொட்டு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எஞ்சின் ஆயில் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தகம் போல மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருக்கும். பவர் ஸ்டியரிங் ஆயில் பல வண்டிகளில் சிவப்பு. கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். சக்கரத்துக்கு உள்பக்கம் நீர்த்த, கிட்டத்தட்ட நிறமில்லாத எண்ணெய் மாதிரி ஒன்று வழிந்து, அது தண்ணீரில் கரைந்தால் அது பிரேக் ஆயில். அந்த வண்டியை நகர்த்தவே கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீரைப் பார்த்து பயந்து பட்டறைக்கு ஓடியவர்களும் உண்டு.

ஓ-ரிங் மாற்றுவது அரைமணி நேர வேலை. டிஸ்ட்ரிபியூட்டரை உருவும் முன் அதன் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைக்க வேண்டும். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது கோடு கோட்டோடு சேரவில்லை என்றால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். பழைய ஓ-ரிங்கை வெளியே எடுத்தபோது அது ரப்பர் மாதிரியே இல்லை. விரலால் வளைத்ததும் பிளாஸ்டிக் மாதிரி டக்கென்று உடைந்தது. வருடக்கணக்கில் சூடு பட்டால் ரப்பர் அப்படித்தான் ஆகிறது. ஓடாமல் நிற்கும் வண்டிகளிலும் இது நடக்கும். சீலின் உதடு ஆயில் படாமல் காய்ந்து வெடித்துவிடுகிறது.

டேப்பெட் கவர் பேக்கிங்கை நானே மாற்றினேன். முதல் தடவை தவறாகச் செய்தேன். கசியக் கூடாதே என்ற ஆசையில் நட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். தகரக் கவர் நட்டு இருக்கும் இடங்களில் உள்ளே குழிந்து, இரண்டு நட்டுகளுக்கு நடுவே மேலே தூக்கிக்கொண்டது. பேக்கிங் ஓர் இடத்தில் நசுங்கி, இன்னோர் இடத்தில் தொடவே இல்லை. கவரைக் கழற்றி, கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்து, மரக் கட்டை கொடுத்துத் தட்டி நேராக்கினேன். நடுவிலிருந்து ஆரம்பித்து, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இந்த நட்டுகளுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். நீளமான ஸ்பேனரின் பிடியை முழுக்கையால் பிடிக்காமல் இரண்டு விரலால் இழுக்கும் பலம்தான் அது.

சிலிக்கான் பேஸ்ட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பட்டறைகளில் அதை எல்லா நோய்க்கும் மருந்தாக அப்புகிறார்கள். வெளியே பிதுங்கி நிற்பது அசிங்கம், அவ்வளவுதான். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். அந்தத் துண்டுகள் உதிர்ந்து சம்ப்பில் விழுந்து பம்ப்பின் ஜல்லடையை அடைத்தால், கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே நிறுத்தியதாகிவிடும். ரப்பர் பேக்கிங் இருக்கும் இடத்தில், மூலைகளில் கடுகளவு வைத்தால் போதும்.

இதெல்லாம் முடிந்து 4 மாதம் வாசல் சுத்தமாக இருந்தது. அப்புறம் டேப்பெட் கவர் மறுபடியும் நனைய ஆரம்பித்தது. புதுப் பேக்கிங், நேரான கவர், அளவான இறுக்கம். பிறகும் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மறுபடியும் ஜி.பி. ரோட்டு பாயிடம் போய் நின்றேன். "பேக் கம்ப்ரஷன் பாத்தீங்களா?" என்றார்.

முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். எல்லா எஞ்சினிலும் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். அந்த வாயு வெளியேற ஒரு வழி வைத்திருப்பார்கள். டேப்பெட் கவரிலிருந்து ஒரு சிறிய வால்வு வழியாக அது மறுபடியும் எஞ்சினின் உறிஞ்சு பக்கத்துக்கே போகும். அதன் பெயர் பி.சி.வி. வால்வு. அது அடைத்துக்கொண்டால் வாயு போக இடமில்லாமல் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். அப்போது எங்கே பலவீனமான சீல் இருக்கிறதோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். புதிது புதிதாக எத்தனை சீல் மாற்றினாலும் ஒவ்வொன்றாகத் தோற்கும்.

சோதிப்பது சுலபம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மெல்லிய பிளாஸ்டிக் கையுறையைப் போர்த்திப் பிடிக்க வேண்டும். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. பலூன் மாதிரி எழும்பினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. எங்கள் காரில் கையுறை எழுந்து நின்றது. வால்வைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். நல்ல வால்வு கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். இதில் சத்தமே இல்லை, உள்ளே தார் மாதிரி இறுகியிருந்தது. அதன் ஹோஸும் உள்ளுக்குள் நைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. புது வால்வும் ஹோஸும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. மாற்றியதும் கையுறை உள்ளே இழுத்தது. டேப்பெட் கவரை ஒரு நட்டுகூடத் தொடவில்லை, ஒரே வாரத்தில் அது காய்ந்துவிட்டது.

வால்வு நன்றாக இருந்தும் கையுறை எழும்பினால், ரிங்குகள் தேய்ந்து வாயு அதிகமாக இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். எனக்கு நான்கு சிலிண்டரிலும் 150-லிருந்து 160 பி.எஸ்.ஐ.க்குள் ஒரே மாதிரி வந்தது. சிலிண்டரைக் கடையும் போர் வேலை தேவையில்லை என்று அன்று தெரிந்ததும் அப்பா முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முன்பக்க கிராங்க் சீலையும் கேம் சீலையும் டைமிங் பெல்ட் மாற்றும்போது சேர்த்து மாற்றிவிட்டேன். பெல்ட்டுக்காக எப்படியும் திறக்கத்தான் வேண்டும், அதற்கென்று தனிக்கூலி கொடுக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பழைய சீலின் உதடு வருடக்கணக்கில் உரசி ஷாஃப்ட்டில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு வரியைப் போட்டிருக்கும். புது சீலை அதே ஆழத்தில் அடித்தால் அதன் உதடும் அந்தப் பள்ளத்திலேயே உட்காரும், கசிவு நிற்காது. இடம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கச் சொல்லுங்கள். சுருள் கம்பி இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் காய்ந்தபடியே ஏற்றினால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகிவிடும். டெஃப்லான் உதடு உள்ள சில புதுவகை சீல்களை மட்டும் ஆயில் தடவாமல் ஏற்றச் சொல்வார்கள், அதனால் டப்பாவில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஆயிலோடு ஊற்றும் கசிவு நிறுத்தி மருந்துகளில் ஒன்றை நானும் ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து மிருதுவாக்கும். காய்ந்து லேசாக இறுகிய சீலுக்கு உதவலாம். கிழிந்த பேக்கிங்குக்கும் தேய்ந்த உதட்டுக்கும் அது எதுவும் செய்யாது. எனக்கு ஒரு மாதம் குறைந்தது போல இருந்தது, அப்புறம் பழையபடிதான். சிலர் எஞ்சின் ஆயிலில் பிரேக் ஆயிலைக் கலக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ரப்பர் அளவுக்கு மீறி உப்பிப் பிய்ந்துவிடும், ஆயிலும் கெடும்.

இவ்வளவு செய்தும் கசிவு முழுதாக நிற்கவில்லை. சம்ப் பேக்கிங்கின் பின்பக்கத்தில் ஒரு வேர்ப்பு இருக்கிறது. பெல் ஹவுசிங் அடியில் வாரத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு சேர்கிறது. இது உண்மையிலேயே ரியர் சீல்தான் என்று நினைக்கிறேன். அழுத்தம் இருந்த மாதங்களில் புது சீலும் கொஞ்சம் அடிபட்டிருக்கும். அதை மாற்றப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கிளட்ச் வழுக்கவில்லை, அடுத்த முறை கிளட்ச் பிளேட் தேயும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி முடிவெடுக்கத் துணை என் டைரிதான். ஏலகிரி போய்வந்த பிறகு ஒவ்வொரு தடவை ஆயில் ஊற்றும்போதும் கிலோமீட்டரையும் மில்லியையும் எழுதி வருகிறேன். அப்போது 1,000 கிலோமீட்டருக்கு 350 மில்லி. இப்போது 70 மில்லி. ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கிறது, ஆகவே அடுத்த ஆயில் மாற்றம் வரை கவலையில்லை. எண்ணிக்கை ஏறினால் எங்கேயோ புதிதாகத் திறந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாக் கசிவோடும் வாழ்ந்துவிட முடியாது. ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து கருகும் வாடை ஏ.சி. வழியாக உள்ளே வந்தால், புகை தெரிந்தால், அன்றைக்கே சரி செய்ய வேண்டும். அது தீப்பிடிக்கும் விஷயம். டைமிங் பெல்ட்டில் ஆயில் பட்டால் பெல்ட் ஊறி அறுந்துவிடும். ஸ்பார்க் பிளக் குழிகளில் ஆயில் தேங்கினால் எஞ்சின் உதற ஆரம்பிக்கும். கிளட்ச் வழுக்குவதும் அந்தக் கணக்கில்தான். பிரஷர் சுவிட்ச் கசிவு பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அதன் பின்னால் முழு அழுத்தத்தில் ஆயில் நிற்கிறது. உள்ளே பிய்த்துக்கொண்டால் நிமிடங்களில் சம்ப் காலியாகிவிடும். 200 ரூபாய்ச் சாமான், தள்ளிப்போடவே கூடாது. ட்ரெயின் நட்டின் செம்பு வாஷரையும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன்மேல் புதியதை மாட்டிவிட்டுப் போனால் வழியில் ஆயில் கொட்டும்.

நம் கசிவு நம்மோடு போகட்டும், அடுத்தவர் காலில் விழக் கூடாது. ரோட்டில் விழும் ஆயில் முதல் மழையில் எழும்பும்போது அதன்மேல் ஏறும் டூவீலர்காரர் விழுந்துவிடுவார். அதனால் வீட்டில் வண்டிக்கு அடியில் தகரத் தட்டு ஒன்றில் மரத்தூள் பரப்பி வைத்திருக்கிறேன். டிக்கியில் எப்போதும் மடித்த அட்டை ஒன்று இருக்கும். வேளச்சேரியில் தங்கை வீட்டு அபார்ட்மென்ட்டுக்குப் போனால் முதலில் அதை விரித்துவிட்டுத்தான் மேலே போவேன். அங்கே வாட்ச்மேன் அண்ணன் முதல் முறை முகம் சுளித்தார், இப்போது அவரே அட்டையை நகர்த்திச் சரியான இடத்தில் வைக்கிறார். பழைய ஆயிலையோ ஊறிய மரத்தூளையோ சாக்கடையில் கொட்டுவதில்லை, பட்டறையில் கழிவு ஆயில் சேர்க்கும் பீப்பாய்க்காரரிடம் கொடுத்துவிடுகிறோம்.

2024-ல் மூன்றாவது முறையாக ஆர்.சி. புதுப்பித்தோம். அப்போது புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாயாக இருந்தது, பசுமை வரி தனி. இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைக் கேட்டார். அது பிளாக்கில், பெல் ஹவுசிங்குக்குப் பக்கத்தில் பொறித்திருக்கிறது. 2014-ல் அதைப் படிக்க அரைமணி நேரம் பிசுக்கைச் சுரண்டினோம். இந்த முறை அப்பாவே குனிந்து விரலால் காட்டினார்.

அப்பாவுக்கு இப்போது கார் ஓட்ட முடிவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஓடும் முன், ஸ்டிக்கைப் பார்ப்பது அவர் வேலை. பழைய வேட்டித் துணியில் ஒருமுறை துடைத்து, மறுபடியும் செருகி உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்வார். நான் டைரியில் எழுதிக்கொள்வேன். போன ஞாயிறு நடுக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்டா, அப்புறம் ஊத்திக்கலாம்" என்றார்.